சேவலைத் தொட்டவர்கள்

ஜூன் 2, திங்கள்

காலை ஏழு மணிக்கே முதலாளி வையாபுரி என் அறைக்கு வந்துவிட்டார். கையில் கலெக்டர் ஆபீஸ் கடிதம், முகம் முழுக்கச் சிரிப்பு. அவருடைய கோழிப்பண்ணைக்கு நான் பதினொரு வருடமாகக் கால்நடை டாக்டர். இந்தச் சிரிப்பை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"அம்மிணி, நம்ம பண்ணைக்கு மந்திரி வர்றாருங்க. ஒருத்தரில்ல, ரெண்டு பேரு. நம்மூரு மந்திரி ஒருத்தரு, அந்தத் தீவு நாட்டு வர்த்தக மந்திரி ஒருத்தரு."

விஷயம் இதுதான். அந்தத் தீவில் முட்டை தின்ன ஆள் உண்டு, கோழி வளர்க்க இடம் இல்லை. இதுவரை வேறெங்கிருந்தோ வாங்கினார்கள். இனி நாமக்கல்லிலிருந்து வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். இருபதாம் தேதி சென்னையில் இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகின்றன. அதற்கு முன்னால், பதினேழாம் தேதி, அவர்களுடைய அமைச்சர் ஒரு பண்ணையையாவது உள்ளே போய்த் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பார்த்துப் பிடித்துப்போனால் அந்தப் பண்ணை ஏற்றுமதிப் பட்டியலில் ஏறும். எங்களுக்கு அது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வருடம் இரண்டு செட்டுகளை, அதாவது கோழிக் கொட்டகைகளை, மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எதுக்கு நம்மளப் புடிச்சாங்கன்னு கேளுங்க. நாலு வருசமா ஒரு சீக்கு வராத பண்ணைன்னு ரெக்கார்டுல இருக்குதாமா. எல்லாம் உங்களாலதானுங்க."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அதென்னங்க, ஒரு எழுவது எம்பது பேரு வருவாங்க."

வருவார்கள். வந்து பார்க்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

முன்னேற்பாட்டுக் குழு வந்தது. தாசில்தார், இரண்டு இன்ஸ்பெக்டர்கள், நம் அமைச்சரின் உதவியாளர் சிவஞானம். சிவஞானம் கையில் எழுபத்து நான்கு பெயர் கொண்ட பட்டியல். எழுபத்து நான்கு பேரும் நான்காம் செட்டுக்குள் போய்க் கோழியைப் பார்க்க வேண்டுமாம். அதில் முப்பது பேர் ஊரிலேயே பண்ணை வைத்திருப்பவர்கள். அவரவர் செட்டில் காலையில் நடந்த அதே செருப்போடு என் கோழிகளைப் பார்க்க வருவார்கள்.

அவரை இரண்டாவது கேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். முதல் கேட்டில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்போம். கேட்டுக்காரர் மாரப்பன் கேள்வி கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார். இரண்டாவது கேட்டில் குளியலறை. குளித்து, பண்ணையின் நீலச் சட்டை, நீல லுங்கி, பண்ணைச் செருப்பு போட்டு, மருந்துத் தொட்டியில் காலை முக்கித்தான் செட்டுப் பக்கம் போக முடியும். மூன்று நாளைக்குள் வேறு கோழியைத் தொட்டவர்களும், உயிர்க்கோழி இருக்கும் இடத்தில் நின்றவர்களும் குளித்தாலும் போக முடியாது. விதிகளை எழுதியவள் நான். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

"மேடம், அமைச்சர் வீட்லயே குளிச்சிட்டுத்தான் வருவாரு," என்றார் சிவஞானம்.

"நல்ல பழக்கங்க. இங்கயும் ஒருக்கா குளிக்கட்டும்."

தாசில்தார் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஆறு பேர் என்று முடிவானது. இரண்டு அமைச்சர்கள், கலெக்டர், முட்டை உற்பத்தியாளர் சங்கத் தலைவர், மொழிபெயர்ப்பாளர், தீவிலிருந்து வரும் கால்நடை அதிகாரி. சிவஞானம் பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் விஷயம் இதோடு முடியாது என்று தோன்றுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

எங்கே பார்த்தாலும் பெயின்ட் வாசனை. ஒரு செட்டில் கோழிகள் தீவனத்தைத் தொடவில்லை. மனிதர்களுக்குத்தான் அமைச்சர் வருகிறார், அவற்றுக்கு என்ன வந்தது?

ஜூன் 11, புதன்

வெடிகுண்டு சோதனைக்கு மோப்ப நாய் வந்தது. பெயர் ராணி. அதைக் கூட்டி வந்த ஏட்டு, செட்டுக்குள் நாய் போகாமல் பாதுகாப்புச் சான்று தர முடியாது என்றார். குளிக்காமல் நாய் போகாது என்றேன் நான். அரை மணி நேரம் பேசினோம். பிறகு நானே குழாயடியில் நிறுத்தி ராணிக்கு ஷாம்பு போட்டேன். அது பொறுமையாக நின்றது. நான்கு காலையும் மருந்துத் தொட்டியில் முக்கியது.

ஏட்டையா மட்டும் குளிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். "நாயி குளிச்சுதில்லீங்க, போதாதா?"

கயிற்றின் மறுமுனையைப் பண்ணை ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு ராணியை உள்ளே அழைத்துப் போனார். ஏட்டையா வெளியில் நின்று கட்டளைகளைக் கத்தினார். என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒழுங்கான அரசு ஊழியர் ராணிதான்.

ஜூன் 13, வெள்ளி

மாரப்பனுக்கு விழாவுக்கென்று புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் எடுத்துக் கொடுப்பதுதான். வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

ஐம்பத்தெட்டு வயது. நான்கு வருடம் முன்புவரை மூன்றாம் செட்டு சூப்பர்வைசராக இருந்தார். வெள்ளைக் கழிச்சல் வந்து அந்தச் செட்டில் முப்பத்தோராயிரம் கோழிகள் போன பிறகு முதலாளி அவரை கேட்டுக்கு மாற்றினார். வலை கிழிந்து காக்கை உள்ளே வந்தது, அதனால் நோய் வந்தது என்று அறிக்கை. அறிக்கையை எழுதியவள் நான். அந்தச் சமயத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

சட்டை அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குதுங்க," என்றார், அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

நாளை விழா. முதல் கேட்டுக்கு வெளியே, தீவன லாரிகள் நிற்கும் இடத்தில் மேடை. வாழைமரம், தோரணம், முட்டை வடிவத்தில் இருபதடி பலூன். பலூனைப் பார்த்து மூன்று பேர் செல்ஃபி எடுத்தார்கள்.

முதலாளி சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டின் நுனியைச் சுருட்டினார்.

"அம்மிணி, நாளைக்கு ஒரு நாளு நீங்க லீவு போட்டுக்கறீங்களா?"

"நான் லீவு போட்டா கேட்டு தொறந்துக்குமுங்களா?"

"அப்படியில்லீங்க. நம்மாளு கோவக்காரரு. என்னமோ ஒண்ணு சொல்லிப்போட்டா நம்ம பொழப்பு என்னாகறது? எழுவது குடும்பம் இருக்குதுங்க."

"ஒண்ணேகால் லச்சம் கோழி இருக்குதுங்க. அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறீங்க எனக்கு."

அவர் எழுந்து போய்விட்டார். நான் ஆறு துண்டு, ஆறு சோப்பு, ஆறு ஜோடி நீல உடை எடுத்து வைத்தேன். தீவு அமைச்சர் பருமனானவர் என்று படத்தில் தெரிந்ததால் அவருக்குப் பெரிய அளவு. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வந்து பார்க்க வேண்டும் என்று மற்ற எல்லோரையும்விட நான்தான் ஆசைப்பட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் எவராவது வேறு மாதிரி சொல்வார்கள்.

பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டேகாலுக்கு வந்தார்கள். மேளம், பூரண கும்பம், சால்வை. தீவு அமைச்சர் நல்ல உயரம், சிரித்த முகம், வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. அவரோடு ஒல்லியான ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, தட்டையான செருப்பு. அவர்தான் கால்நடை அதிகாரி டாக்டர் இனேஸ். மேடையில் ஏறாமல், தள்ளி நின்ற காருக்குப் பின்னால் நிழலில் நின்றார். ஏன் ஏறவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நம் அமைச்சர் பேசினார். இரு நாட்டு உறவு, கடல் கடந்த நட்பு, நாமக்கல் முட்டையின் பெருமை. எல்லாம் சரி. அதற்கப்புறம்தான் ஒன்றியச் செயலாளர் செல்லப்பன் ஒரு கூடையோடு மேடையில் ஏறினார். கூடைக்குள் இருந்து எடுத்தது ஒரு சேவல். வெள்ளை நாட்டுச் சேவல். கழுத்தில் சரிகை துண்டு, சின்ன ரோஜா மாலை.

"முட்டை ஊருக்கு வந்த மவராசனுக்குச் சேவலக் குடுக்கறதுதானுங்க மரியாதை!" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் விசில் அடித்தது.

எங்கள் ஊர் ஆட்கள் மட்டும்தான் இதைச் செய்ய முடியும். வேறு ஊரில் வாள் கொடுப்பார்கள், வெள்ளிக் குத்துவிளக்கு கொடுப்பார்கள். கோழியால் பிழைக்கும் ஊர் கோழியைக் கொடுத்தது. அன்போடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மேடையில் பாதிப் பேருக்குப் பண்ணை இருக்கிறது. நாட்டுக்கோழி எந்தெந்த நோயைச் சுமந்து வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவருக்கும் அந்த நிமிடம் அது தோன்றவில்லை.

நான் மேடையை நோக்கி ஓடினேன். கூட்டத்தைப் பிளந்து போவதற்குள் தீவு அமைச்சர் சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு படமெடுக்க நின்றுவிட்டார். பிறகு நம் அமைச்சர் வாங்கினார். பிறகு கலெக்டர். பிறகு சங்கத் தலைவர். பிறகு மொழிபெயர்ப்பாளர் தடவிக் கொடுத்தார். உள்ளே போக வேண்டிய ஆறு பேரில் ஐந்து பேர் சேவலைத் தொட்டாகிவிட்டது.

முதல் கேட்டுக்கு வந்தார்கள். மாரப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பதிவேட்டோடு நின்றார். முன்னால் வந்தது நம் அமைச்சர்.

"மூணு நாளைக்குள்ள ஏதாச்சும் கோழியத் தொட்டீங்களாங்க?" என்று மாரப்பன் கேட்டார். எல்லோரையும் கேட்கிற மாதிரியே, குரலை ஏற்றாமல் இறக்காமல் கேட்டார். மேடையில் நடந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அமைச்சர் நின்றார். "யோவ், யாரைப் பாத்துக் கேக்கற? என்னையவே கேக்கறயா?"

மாரப்பன் அமைச்சரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நான் குறுக்கே போய் நின்றேன். "கேக்கச் சொன்னது நாந்தானுங்க. நீங்க இப்பத்தான் சேவலத் தொட்டீங்க. உள்ள போக முடியாதுங்க."

"நீங்க யாரு?"

"பண்ணை டாக்டருங்க. கலாமணி."

"ரெண்டு நாட்டுச் சமாச்சாரம் இது. உங்க பண்ணைச் சமாச்சாரம் இல்ல. தெரியுதா?"

"ரெண்டு நாடும் முட்டை வாங்கி விக்கறதப் பத்தித்தானுங்க பேசறீங்க. முட்டை போடறது உள்ள இருக்குதுங்க. அது செத்துப்போச்சுன்னா எந்த நாட்டுக்கு என்னத்த விப்பீங்க?"

சிவஞானம் என் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. முதலாளி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. பயமாக இருந்ததா என்றால், இருந்தது.

தீவு அமைச்சர் என்ன நடக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நம் அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். நானே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்தார், சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை இறகைப் பார்த்தார். எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று என்றேன். அதற்குள் நான் சென்னையில் கையெழுத்துப் போட வேண்டுமே என்றார். அவருக்குக் கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காருக்குப் போய் உட்கார்ந்து இளநீர் குடித்தார்.

காருக்குப் பின்னாலிருந்து இனேஸ் வந்தார். மாரப்பன் கேட்கும் முன்பே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, எதையும் தொடவில்லை, அதற்காகத்தான் மேடை ஏறவில்லை என்றார். அவர் மட்டும் குளித்தார். அவர் மட்டும் உள்ளே போனார்; மேடைவரை ஓடிய நானும் போகவில்லை.

பண்ணை ஆள் ஒருவரோடு நாற்பது நிமிடம் சுற்றிப் பார்த்தார். தண்ணீர்க் குழாய், எலிப்பொறி, வலை எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு வெளியே வந்து அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினார். நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் விரலை வைத்து, இது எப்படி நடந்தது என்று கேட்டார்.

காகம் என்றேன். வலை கிழிந்திருந்தது என்றேன்.

வலைக்கு யார் பொறுப்பு என்றார். அப்போதைய சூப்பர்வைசர், இப்போது கேட்டில் இருக்கிறார் என்றேன்.

கேட்டில் கேள்வி கேட்டாரே, அவரா என்று இனேஸ் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். பதிவேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன்.

நம் அமைச்சர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டாராம். சேவலை எவரும் எடுத்துப் போகவில்லை. மேடை நாற்காலியின் காலில் கட்டிக் கிடந்தது. எதிர் டீக்கடைக்காரர் அவிழ்த்துக்கொண்டு போனார்.

ஜூன் 18, புதன்

எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. ஒன்றில் "அமைச்சர்களை விரட்டிய பெண் டாக்டர்". இன்னொன்றில் "இரு நாட்டு உறவுக்குப் பங்கம்?" என்று கேள்விக்குறி போட்டு. ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் என் படத்துக்கு மீசை வரைந்து அனுப்புகிறார்கள். மீசை எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சிவஞானம் போன் செய்தார். அமைச்சருக்கு எழுத்துமூலம் மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் ஏற்றுமதிப் பட்டியலுக்கு மாநிலத்தின் பரிந்துரையில் எங்கள் பண்ணை இருக்காது என்பதைப் பூசி மெழுகிச் சொன்னார்.

முதலாளி கெஞ்சினார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க அம்மிணி. என்ன, கையி தேஞ்சா போயிரும்?"

"எதுக்குன்னு எழுதறதுங்க? சேவலத் தொட்டவங்கள உள்ள உடலைன்னா? மறுக்காவும் உடமாட்டேன்."

"அதையும் சேத்து எழுதிப்போடாதீங்க."

வீட்டுக்காரர் தனபால் மட்டும், "நீ செஞ்சது சரிதான், சாப்பிடு," என்றார். பள்ளிக்கூட வாத்தியார். எல்லாவற்றையும் சரி, தப்பு என்று இரண்டாகப் பிரித்துவிடுவார். அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.

ஜூன் 19, வியாழன்

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சென்னையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிவியில் காட்டினார்கள். இரண்டு பேரும் கைகொடுத்துச் சிரித்தார்கள்.

நான் மத்தியானம் முழுக்க வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் செய்த தவறுக்காக" என்று எழுதியதும் பேனா நின்றது. அமைச்சரிடம் நான் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் அந்த மூன்று வார்த்தையை எழுதின உடனே யாரிடம் செய்தேன் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து எழுதி என்ன பயன், இது என் நோட்டு, வேறு யாரும் படிக்கப் போவதில்லை, ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான்கு வருடம் முன்பு மே மாதம். பரமத்தியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கொல்லையில் வளர்த்த நாட்டுக்கோழி ஒன்று தலை தொங்கிப்போய் நின்றது. மடியில் வைத்துப் பார்த்தேன், வாயைத் திறந்து மருந்து விட்டேன். அப்போதுதான் பண்ணையிலிருந்து போன் வந்தது. மூன்றாம் செட்டில் தண்ணீர் தெளிப்பான் நின்றுவிட்டது, வெயிலில் கோழிகளுக்கு மூச்சு இரைக்கிறது என்று. இருபது நிமிடத்தில் வந்தேன். கேட்டைத் தாண்டி நேராக உள்ளே போனேன். குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை.

மூன்றாம் செட்டு வாசலில் மாரப்பன் மறித்தார். "எங்கிருந்து வர்றீங்க டாக்டரம்மா? குளிச்சுட்டீங்களா?"

"என்னையவே கேக்கறயா?" என்று கத்தினேன். அவரைவிட இருபது வயது சின்னவள் நான். ஒருமையில் கத்தினேன்.

வெயிலிலிருந்து அன்று எல்லாக் கோழிகளையும் காப்பாற்றினேன். ஆறாம் நாள் முதல் கோழி விழுந்தது. தங்கை வீட்டுக் கோழி அதற்கு முன்பே செத்திருந்தது. காரணம் என்ன என்று எனக்கு அன்றே தெரியும். காகம் என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மாரப்பன் ஏன் என்னைப் பார்த்தார் என்பதும் எனக்கு அந்த நொடியே தெரியும்.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முகவரி மட்டும் வேறு. இனேஸுக்கு மின்னஞ்சல்: நான் சொன்ன காரணம் பொய், காகம் வரவில்லை, நான் வந்தேன். மாலை நாலு மணிக்கு அனுப்பினேன். அமைச்சருக்கு எதுவும் அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

ஜூன் 21, சனி

முதலில் மாரப்பனிடம் போனேன். பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லல?"

"யாருகிட்ட சொல்றதுங்க? டாக்டரம்மா காக்கான்னு எழுதிட்டாங்க. அது இல்லைன்னு நான் சொன்னா ஆருங்க நம்புவாங்க? அந்த வலையை முந்தின நாளுதான் நானு தைச்சேன். கிழிஞ்சிருக்குதான்னு ஒரு ஆளு வந்து அண்ணாந்து பாக்கலீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எம் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனமுங்க. முப்பதாயிரம் கோழியக் கொன்னவன் வூடாங்கன்னு கேட்டாங்க. அங்கயும் நானு காக்கான்னுதான் சொன்னேன்." அவர் குரல் அப்போதுதான் ஏறியது. "நாலு வருசம் சட்டை எடுத்துக் குடுத்தீங்க. இப்ப எதுக்குங்க சொல்றீங்க? உங்க மனசுப் பாரம் எறங்கறதுக்கா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. அதையும் சொன்னேன். பிறகு, எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன் என்றேன். "சொல்லுங்க," என்று பதிவேட்டை மூடினார்.

முட்டை தரம் பிரிக்கும் கொட்டகையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். பெண்கள் கையில் முட்டை அட்டையோடு அப்படியே நின்றார்கள். முதலாளிக்குத் தகவல் போய் ஓடி வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமா? பேப்பருல காக்கான்னு இருக்குது, இருந்துட்டுப் போகுது! அந்தத் தீவுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியுமுங்க. நேத்தே எழுதி அனுப்பிட்டேன்."

தோளில் இருந்த துண்டை எடுத்துத் தரையில் அடித்தார். "மந்திரிகிட்ட ரெண்டு வரி மன்னிப்பு எழுத மாட்டேன்னீங்க. கேக்காத ஆளுக்கு எழுதிக் குடுத்துருக்கீங்க!"

"மந்திரிகிட்ட நான் தப்பு பண்ணலீங்க."

பழைய பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். காகம் என்பதைச் சிவப்பில் அடித்து, என் பெயரை எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். முதலாளி போய்விட்டார். செவ்வாய்க்கிழமை கேட்டில் நின்றபோது இருந்ததைவிட இப்போது நேராக நிற்கிறேன் என்று தோன்றியது.

ஜூன் 27, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. முதல் கட்டமாக ஐந்து பண்ணைகள். நாங்கள் இல்லை.

இனேஸ் தனியாக எழுதியிருக்கிறார். பண்ணையின் நடைமுறை நன்றாக இருக்கிறது, ஆனால் நோய்க்கான காரணத்தை மாற்றி எழுதிய பண்ணையை உடனே ஏற்க முடியாது. ஆறு மாதம் கழித்து மறுபடி நேரில் வருவார். அப்போது கேட்டில் நிற்பவரிடமும் தனியாகப் பேசுவார். மாநிலத்தின் பரிந்துரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அதைக் கேட்டாரா என்பதே சந்தேகம்.

இரண்டு செட்டு இல்லை, ஒரு செட்டை மூடுகிறோம். எட்டுப் பேரை வேறு பண்ணைக்கு அனுப்ப வேண்டும். அதில் ஐந்து பேருக்கு நானே போன் செய்து இடம் கேட்டேன். மூன்று பேருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இது என்னால் வந்தது, நான்கு வருடம் முன்பு என்னால் வந்தது.

ராஜினாமாவை முதலாளி மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு என்னிடமே தள்ளினார்.

"ஆறு மாசம் கழிச்சு அந்தம்மா வந்து கேட்டா ஆரு பதில் சொல்றது? நானா? இருந்து பாருங்க. பேசறதுதான் பேசமாட்டேன் உங்ககூட."

அவர் மாரப்பனைக் கூப்பிட்டு, சூப்பர்வைசராகத் திரும்ப வரச் சொன்னார். மாரப்பன் யோசித்தார். அவசரப்படாமல் யோசித்தார்.

"நானு கேட்டுலயே இருந்துக்கறேனுங்க. சூப்பர்வைசரு சம்பளம் குடுங்க, நாலு வருசத்துக்கும் சேத்து. வேல கேட்டுல."

முதலாளி என்னைப் பார்த்தார். பேசமாட்டேன் என்று சொன்னதை மறந்து, "குடுத்துரலாங்களா?" என்றார்.

"குடுங்க," என்றேன்.

ஜூலை 7, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தனபால் கறி எடுக்க வண்டியை நிறுத்தினார். நான் இறங்கவில்லை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். கடையின் கோழிக்கூண்டு ஆறடி தூரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன், காலையில் மறுபடியும் குளித்தேன். ஐந்தாம் செட்டில் இன்று தடுப்பூசி. ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

முதல் கேட்டில் வழக்கம்போல ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நுழைந்தேன். மாரப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து கம்பைக் குறுக்கே இறக்கினார்.

"நேத்து எங்க போயிருந்தீங்க டாக்டரம்மா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஐந்தாம் செட்டு, தடுப்பூசி, பனிப்பெட்டியில் மருந்து, காத்திருக்கும் பத்துப் பேர். பின்னால் தீவன லாரி ஹாரன் அடித்தது. அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"கறிக்கடைக்குண்ணா."

"உயிர்க்கோழி இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. தொடல. வண்டியிலயேதான் இருந்தேன்."

"எவ்வளவு தூரமுங்க?"

"ஆறடி இருக்கும்."

அவர் சுவரில் நான் எழுதி வைத்த விதியைப் படிக்கவில்லை. அவருக்கு மனப்பாடம். பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். நேரம் எழுதினார். அனுமதி என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "கறிக்கடை, ஆறடி" என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் செட்டு ஆட்களுக்கு வெளியில் நின்றே போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துத் தடுப்பூசியை முடித்தேன். வியாழக்கிழமைதான் இனி உள்ளே போக முடியும்.